கருப்பராயன் சொல்லி மாற்றிய ஈசிஎம்

சாமி முன்னால் வைத்திருந்த பொட்டலத்தை நான் திருட்டுத்தனமாகப் பிரித்தேன்.

எங்கள் ஊர்க் கருப்பராயன் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பூசாரி அபிஷேகத்துக்குப் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில். காலுக்குக் கீழே கல் தரை சில்லென்று இருந்தது. கையில் மட்டும் வியர்வை. எங்கள் கருப்பராயனுக்குக் கண் இரண்டும் கோழி முட்டை அளவு. கையில் அரிவாளும் உண்டு. இரண்டையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, கட்டை விரல் நகத்தால் பொட்டலத்தின் நூலை நெம்பினேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை, பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில், இந்தக் காரியத்தைச் செய்தது ஒரு பிக்கப் வண்டிக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வண்டிக்குள் இருக்கிற டிபன் பாக்ஸ் அளவு அலுமினியப் பெட்டிக்காக. அதற்கு ஈசிஎம் என்று பெயர். எஞ்சினுக்கு எப்போது டீசல் விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். அது படுத்தால் வண்டி வெறும் தகரம்.

பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன் வண்டி கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். நேர் வழியில் ஓர் இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

புண்ணாக்கு வாசம்

காரமடைக்குப் பக்கத்தில் பாக்கு மட்டையில் சாப்பாட்டுத் தட்டு செய்கிற கொட்டகை வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோப்புகளில் உதிர்கிற மட்டையை வாங்கி, கழுவி, காயவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. கேட்க எளிது. செய்து பார்த்தால் இடுப்பு கழன்றுவிடும்.

ஆரம்பத்தில் என் தட்டுகள் கோயமுத்தூருக்குப் போனது என் வீட்டுக்காரரின் அண்ணனுடைய டெம்போவில். அவர் மேட்டுப்பாளையத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். நான் நேரில் மாமா என்று கூப்பிடுவேன். அவர் டெம்போவில் முதல் இடம் தீவன மூட்டைக்கு. மிச்ச இடம் எனக்கு. மிச்சம் இல்லாத நாளில் என் தட்டுகள் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு தடவை கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. தட்டு நெம்ப அருமைங்க. சோத்தைப் போட்டா மட்டும் மாட்டுக் கொட்டாய் வாசம் அடிக்குதுங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் செருப்பால் அடித்தாலும் செருப்புக்கு ஒரு 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். காந்திபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதல் நாளே பஸ் ஸ்டாண்டு முன்னால், டவுன் பஸ்கள் நாலு பக்கமும் மோதுகிற மாதிரி வந்தபோது, சொல்லிக்கொடுக்க வந்தவர், "பயப்படாதீங்கக்கா, அவங்க நம்மளைப் பாத்துப் பயப்படுவாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது உண்மை. இன்றைக்கும் என்னைக் கண்டால் பஸ்கள் ஒதுங்குகின்றன.

பிறகு பிக்கப் வந்தது. வெள்ளை நிறம். என் தட்டுக்கு மட்டுமே இடம். யாரிடமும் "மாமா, நாளைக்கு இடம் இருக்குதுங்களா" என்று கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுகத்தை நான் எப்படிச் சொல்வது? நாற்பத்தாறு வயதில் எனக்குக் கால் முளைத்தது.

பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் டயரை ஓர் எத்து எத்திவிட்டு, "காத்து இருக்குதா?" என்பார். இருக்கிற காற்றை எத்தி இறக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

மண்டபத்துக்கு நூறடி

வண்டி நின்ற இடம் துடியலூரில், ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சரியாக நூறடி முன்னால்.

காலைப் பந்திக்கான தட்டு முழுவதும் என் வண்டியில். மண்டபத்திலிருந்து நாதசுரம் கேட்கிறது, சாம்பார் தாளிக்கிற வாசனை வருகிறது. வண்டி இரண்டு இருமல் இருமியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் டிக் என்றுகூடச் சத்தம் இல்லை.

பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனில் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கூடவே எட்டுப் பத்து ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஒரு கட்டுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். போகிற வழியில் இருந்தவர்கள் அதைச் சீர்வரிசை என்று நினைத்து வழிவிட்டார்கள்.

பந்தி தப்பித்தது. என் மானம் தப்பவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பெரியவரும் வந்திருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நம்ம டெம்போ எங்காச்சும் இப்புடி நின்னிருக்குதா?"

கொஞ்சம் சடவுங்க

அடுத்த இரண்டு வாரம் வண்டியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. ஒருவர் டீசல் பில்டரை மாற்றினார். ஒருவர் சென்சார் மாற்றினார். ஒருவர் பேட்டரியின் மேல் சந்தேகப்பட்டார். மாற்றியதும் வண்டி ஓடும். சூடேறியதும் நிற்கும். ஆறினால் மறுபடி ஓடும். எனக்கு மாதவிடாய் நிற்கப்போகிற சமயம் என் உடம்பும் இதையேதான் செய்தது. அதனால் வண்டியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது மெக்கானிக்குகளின் மேல். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "வண்டி எப்புடிங்க இருக்குது?" என்று கேட்டால், "கொஞ்சம் சடவா இருக்குதுங்க, பாத்துக்கலாமுங்க" என்பார்கள். சடவு என்றால் அசதி. வண்டிக்கு என்ன அசதி? நெல் நட்டுவிட்டா வந்தது?

கடைசியில் சரவணம்பட்டியிலிருந்து பிரகாஷ் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அது சலித்துப்போய் இப்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் வண்டிகளுக்குப் பரிசோதனை செய்கிறவர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகினார். திரையைப் பார்த்தார். மறுபடி சொருகினார். மறுபடி பார்த்தார்.

"அக்கா, மத்ததெல்லாம் பேசுதுங்க. ஈசிஎம் மட்டும் பேச மாட்டேங்குதுங்க."

"கோவமா தம்பி?"

"கோவமில்லீங்கக்கா. முடிஞ்சு போச்சுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பானெட்டைத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றி, அந்தப் பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே ஊசி ஊசியாகப் பித்தளைக் கம்பிகள். பாதிக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. மூலையில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதென்னுங்கக்கா, சந்தன வாசம் அடிக்குது?"

என் தலையில் இடி இறங்கியது. ஆயுத பூஜை! மட்டை கழுவுகிற பிரஷர் பம்பை வைத்து எஞ்சின் முழுவதையும் நானே கழுவினேன். வெளியே மட்டும் கழுவினால் சாமி குத்தமாகிவிடும் என்று மூடியெல்லாம் நெம்பி உள்ளேயும் அடித்தேன். பிறகு பேட்டரிக்கு ஒரு பொட்டு, ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்து, இந்தப் பெட்டி மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று இதற்குக் கனமாக நாலு பொட்டு வைத்தேன். இளகின சந்தனம். வழிந்திருக்கிறது.

"யாருங்க இதுக்குத் தண்ணி அடிச்சது?" என்றார் பிரகாஷ்.

கொட்டகையில் வேலை செய்கிற இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"பழசைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாதுங்களா?"

"பண்ணலாமுங்க. பண்ணினா மறுபடி எந்த மண்டபத்து முன்னால நிக்குமுன்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. புதுசு போடோணுமுங்க."

புதுசின் விலையைச் சொன்னார். நான் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

சரிங்ணா

செய்தி மேட்டுப்பாளையத்துக்கு எப்படிப் போனதென்று தெரியாது. மறுநாளே பெரியவர் வந்துவிட்டார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பேச வேண்டியதை என்னிடம் பேசவில்லை, தன் தம்பியிடம் பேசினார்.

"இத பாரு. பூசை பண்ணியே வண்டியக் கெடுத்தவங்கள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். இதுக்கு மேல செலவு எதுக்கு? இப்படியே எங்கிட்டக் குடுத்துப்போடு. ரிப்பேர நான் பாத்துக்கறேன். அம்மணி தட்டு எப்பவும் போல நம்ம டெம்போவுலயே போகட்டும்."

எப்பவும் போல! மறுபடியும் புண்ணாக்கு வாசம். மறுபடியும் "மாமா, இடம் இருக்குதுங்களா". நான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அண்ணனுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். சரிங்ணா. தோட்டத்தில் தென்னை வைக்கிறதா, சரிங்ணா. வேண்டாமா, சரிங்ணா. என்னிடமும் ஒன்றுக்கும் முடியாது என்று சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை. "பாக்கலாம் அம்மணி" என்று ஒரு சொல் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குச் சரிங்ணா சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூக் கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்ணா" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் மனுசனால் முடிவெடுக்க முடியாத விஷயத்துக்குச் சாமியிடம் பூக் கேட்போம். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று. ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைக்க வேண்டும். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். அதில் வந்த பூதான் தீர்ப்பு. பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் இது நடக்கும். ஈசிஎம் மாற்றுவதற்குக் கேட்டது அநேகமாக நாங்கள்தான் முதல்.

பெரியவர் பக்திமான். பூவுக்கு மேல் பேச மாட்டார். "சரி, வெள்ளிக்கிழம நானும் வாரேன்" என்றார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. என் வண்டி, என் தொழில், என் கால். அதற்குப் பூவா தலையா போடுவதா? சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுசனுக்கு வாயில்லையா? இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அரளிப் பூக்களைப் பறித்து வந்து, முற்றத்து மூலையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டர் தாளில் பொட்டலம் கட்டியபோது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் விடிந்ததும் தோட்டத்துக் கடைசிக்குப் போய் ஒரு வெள்ளரளியைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். வெள்ளை வந்தால் வண்டி எங்களுக்கு, சிவப்பு வந்தால் பெரியவருக்கு என்று பேச்சு. சிவப்பை எடுத்துவிட்டு இதை வைத்துவிடுவது என்று திட்டம். சாமியிடம் மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கோழி முட்டைக் கண்கள்

கோயிலுக்கு வந்துவிட்டோம். பூசாரி இல்லை. பெரியவர் வேப்பமரத்தடியில் நின்று போனில் பருத்திக்கொட்டை விலை பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பொட்டலங்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. நல்லது, அப்படியே மடித்து நூலைச் சுற்றினேன். அப்படியானால் சிவப்பு மற்றதில். அதைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் பறித்த பூ. கண் மங்கலில் மாற்றிப் பறித்துவிட்டாரோ என்று நினைத்தேன். செவ்வரளி எங்கள் வீட்டு வாசலில், வெள்ளரளி தோட்டத்துக் கடைசியில். வாசலில் பறிக்க வேண்டிய பூவை எந்தக் கண் மங்கலும் தோட்டத்துக் கடைசியில் பறிக்க வைக்காது.

எறும்புக்கு வழிவிடுகிற மனுசன். விபூதி பூசாமல் பல்கூட விளக்காத மனுசன். கருப்பராயனை ஏமாற்ற வந்திருக்கிறார். எனக்காக.

இரண்டையும் பழையபடி கட்டி வைத்தேன். முந்தானையில் இருந்த மூன்றாவது வெள்ளரளியை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற சாமியின் மண் குதிரையின் காலடியில் போட்டேன். அவர் ஈரக் காலோடு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பூசாரி வந்தார். "எதுக்குக் கேக்கறீங்க, சொல்லிப்போடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் கைகூப்பிக்கொண்டு சொன்னார். "வெள்ளை வந்தா பொட்டிய மாத்தி வண்டிய நாங்களே வெச்சுக்கறோமுங்க. செவப்பு வந்தா அண்ணனுக்குக் குடுத்துப்போடறோமுங்க."

"என்ன பொட்டிங்க?"

"ஈசிஎம்முங்க."

பூசாரி கருப்பராயனைத் திரும்பிப் பார்த்தார். சாமிக்குப் புரிந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். பெரியவர் பிரித்தார். உள்ளே என்ன இருந்தது என்று நீங்களே சொல்வீர்கள்.

பெரியவரின் முகம் சுருங்கியது. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்த இன்னொண்ணையும் எடுங்க, பிரிச்சுப் பாத்துப்போடலாம்" என்றார்.

பூசாரியின் கை பொட்டலத்தை நோக்கி நீண்டது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை பாய்ந்தது. என் வீட்டுக்காரரின் கை! பொட்டலத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து கிணற்றில் போட்டுவிட்டார். அது தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, "சாமி வாக்குச் சொன்ன பொறவு சோதிச்சுப் பாக்கறது தப்புங்ணா" என்றார்.

"ஆமாங்க, அது தப்புங்க" என்று பூசாரியும் ஒத்துப் பாடினார். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு வேறு ஒரு யோசனை ஓட ஆரம்பித்தது. மகளைச் சரவணம்பட்டியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைப்பதற்குப் பூக் கேட்டோம். வெள்ளை வந்தது. தட்டு அடிக்கிற மிஷினுக்குக் கேட்டோம். வெள்ளை. பிக்கப் வாங்கக் கேட்டோம், அதற்கும் வெள்ளை. எல்லாம் நான் ஒற்றைக் காலில் நின்று கேட்டவை, பெரியவர் வேண்டாம் என்றவை. கருப்பராயனுக்கு என்மேல் தனிப் பிரியம் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாலாவது தடவையும் அந்தப் பிரியம் நிற்குமா என்ற பயத்தில்தான் பொட்டலத்தில் கை வைத்தேன்.

அத்தனை தடவையும் பொட்டலம் கட்டியது யார்?

அவர் எனக்கு முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போனார். கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் கூச்சத்தில் செத்துப்போவார்.

தொடாதீங்ணா

அடுத்த வாரம் பிரகாஷ் புதுப் பெட்டியோடு வந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு போல்ட்டு, இரண்டு கனெக்டர். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இனிமேதானுங்கக்கா வேலையே. இது ஒண்ணுந் தெரியாத பொட்டிங்க. இந்த வண்டியோட நம்பர், சாவி, எஞ்சின் சங்கதி எல்லாம் இதுக்கு ஏத்தோணுமுங்க. முக்கால் மணி நேரம் ஆகும். ஏறி முடியற வரைக்கும் ஆரும் சாவியத் தொடக்கூடாது, கதவத் தொறக்கக்கூடாது. நடுவுல கரண்ட் நின்னா புதுப் பொட்டியும் போயிருமுங்க."

லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. கொட்டகையில் மிஷினை நிறுத்திவிட்டேன். இரண்டு பெண்களும் மட்டையைக் கழுவாமல் வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியருகே கைகட்டி நின்றார். சூடு ஆறாத அச்சிலிருந்து வேகவைத்த மட்டையின் வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் தும்மக்கூட இல்லை.

கோடு பாதியைத் தாண்டியபோது புல்லட் சத்தம் கேட்டது. பெரியவர்.

வந்ததும் வழக்கம்போல டயரை ஓர் எத்து எத்தினார். பிரகாஷின் முகம் வெளுத்தது. பெரியவர் நேராக டிரைவர் பக்கம் போனார். "என்ன எல்லாரும் எழவு ஊட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? மாட்டியாச்சல்லோ? ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத் தெரிஞ்சு போகுது" என்று கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்ணா!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எல்லோரும் தேடினோம். பெரியவரும் தேடினார். பார்த்தால், அவருடைய மணிக்கட்டை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"கைய எடுங்ணா. இது அம்மணி வண்டி."

பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த மட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து, பச்சைக் கோட்டை எங்களோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எத்தன நேரமாகுமுங்க?" என்று பிரகாஷிடம் மரியாதையாகக் கேட்டார்.

கோடு முடிந்தது. பிரகாஷ் தலையை ஆட்டினார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே உறுமலில் எழுந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. கொட்டகைப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பிரகாஷ் இரண்டு கையையும் விரித்து பானெட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

இந்த வாரம்

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. வண்டி நன்றாக ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. பொட்டலத்தைப் பிரித்த சங்கதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தொடருக்கு நான் எழுதுவதை அனுப்புவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கொடுப்பது வழக்கம். கிளார்க்காக இருந்தவர் அல்லவா, பேனாவோடு உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்ப்பார். இதை மட்டும் கொடுக்காமலேயே அனுப்பிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இன்று காலையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"பிரிச்சுப் பாத்தயா?" என்றார்.

"பாத்தனுங்க."

"இத்தன நாளும் சொல்லவே இல்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரத்தைத் தட்டி, என்னிடம் நீட்டினார்.

"மாமா படிச்சாருன்னா வம்பாயிருமுங்க" என்றேன். "அனுப்பலாமா வேண்டாமா? வேணும்னா வெள்ளிக்கிழம போயிப் பூக் கேட்டுப்போடலாமுங்களா?"

"பூ எதுக்கு அம்மணி?" என்றார். "நான் சொல்றேன். அனுப்பு."